புதன்கிழமைக்குள் ஒரு பின்வரிசைக்காரர்

எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் உதைபந்தாட்ட அணியில் இடப்பக்கப் பின்வரிசையில் நிற்க ஆள் இல்லாமல் போனதால்தான் எனக்கு அந்தச் சம்பந்தம் வந்தது. ஜாதகம் பொருந்தியது, வியாழன் பார்வை கிடைத்தது என்று அம்மா ஊரெல்லாம் சொன்ன கதையை நீங்கள் நம்பவேண்டாம். பொருந்தியது மாப்பிள்ளையின் இடது கால் மட்டும்தான்.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு அது. எனக்கு இருபத்தெட்டு வயது. ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில் ஒரு கட்டிடத்தின் பதினோராம் மாடியில் அம்மா, அண்ணன், நான் மூவரும் இருந்தோம். அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவன். முதலில் தனியாக வந்து, பார்க்டேலில் ஆறு பேரோடு ஓர் அறையில் படுத்து எழும்பி, பிறகு எங்கள் இருவரையும் கூப்பிட்டவன். கிழமை நாட்களில் பேக்கரி ஒன்றுக்குப் பாண் லொறி ஓட்டினான். சனி ஞாயிறில் எங்கள் ஊர்க் கழகத்தின் கோல் காப்பாளன். தங்கைக்கு ஒப்பேறாமல் தனக்கு வேண்டாம் என்று முப்பத்திநாலு வயது வரை கல்யாணம் கட்டாமல் நின்றான். இப்படி ஒரு தமையன் கிடைக்கத் தவம் செய்திருக்கவேண்டும் என்று சனங்கள் எனக்குச் சொல்லும். அவனுக்குப் பந்து விளையாட ஒரு சாட்டு வேண்டியிருக்கிறது என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்த எங்கள் சனம் முதலில் வேலை தேடியது, பிறகு வீடு தேடியது, மூன்றாவதாக விட்டுவந்த ஊரின் பெயரில் ஊருக்கொரு கழகம் தொடங்கிப் பக்கத்து ஊரைத் தோற்கடிக்க வழி தேடியது. கோடையில் சுற்றுப்போட்டி நடக்கும். அதில் ஒரு விதி இருந்தது. விளையாடுகிறவர் அந்த ஊரில் பிறந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் தாயோ தகப்பனோ அந்த ஊராக இருக்கவேண்டும், அதுவும் இல்லாவிட்டால் அந்த ஊரில் பெண் எடுத்திருக்கவேண்டும். மூன்றாவது வகைக்குப் பெயர் ஊர் மாப்பிள்ளை. அதற்கு முந்திய வருடம் பக்கத்து ஊர்க்காரர் தங்களோடு தொழிற்சாலையில் வேலைசெய்த ஒரு போலந்துக்காரனுக்கு நெற்றியில் திருநீறு பூசி, "எங்கட ஊர் மாப்பிளை" என்று கொண்டுவந்து இறக்கினார்கள். அவன் எங்கள் இடப்பக்கத்தால் ஓடி ஓடி அண்ணனுக்கு மூன்று கோல் அடித்தான். அதற்குப் பிறகு விதி இறுகியது. ஊர் மாப்பிள்ளை என்றால் கல்யாணப் பதிவுப் பத்திரத்தின் போட்டோப்பிரதி வேண்டும். போட்டி சனிக்கிழமை என்றால், அதற்கு முந்திய புதன்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குள் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்.

அந்த மூன்று கோலையும் அண்ணன் மறக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "அவன் இடத்தாலதான் வந்தவன்" என்பான். லொறியில் இடது பக்கம் திரும்பும்போதும் அவனுக்கு அதே ஞாபகம்தான் வந்திருக்கும்.

சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் கழகத் தலைவர். ரெக்ஸ்டேலில் இருந்து விமானநிலையத்துக்கு டாக்சி ஓட்டும் மனிதர். வைகாசி மாதம் ஒருநாள் ஒரு படத்தோடு வந்தார். படத்தில் மஞ்சள் ஜேர்சி போட்ட ஒருவர் ஒரு காலைப் பந்தின்மேல் வைத்துக்கொண்டு நின்றார்.

"முப்பத்திரண்டு வயசு. ஸ்வீடனுக்கு விளையாடினவர். லெஃப்ற் பாக்," என்றார் தலைவர். பெயர், தாய் தகப்பன், வேலை, சமயம் எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தன.

அண்ணன் முதலில் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஸ்வீடன்காரர் பனியில் சறுக்கத்தான் சரி என்று சொன்னான். ஆனால் அந்தக் கோடையில் அமெரிக்காவில் உலகக் கிண்ணம் நடந்தது. ஸ்வீடன் ஒவ்வொரு சுற்றாகத் தாண்டத் தாண்ட எங்கள் வீட்டில் மாப்பிள்ளையின் மதிப்பும் ஏறியது. கால் இறுதியில் தண்ட உதையில் வென்றபோது அண்ணன் சோபாவின்மேல் ஏறி நின்றான். அரை இறுதியில் பிரேசிலின் குள்ள முன்வரிசைக்காரன் ஒருவன் இரண்டு நெடுவல் ஸ்வீடன்காரருக்கு நடுவே எழும்பித் தலையால் அடித்துக் கதையை முடித்தான். "எங்கட ஆள் நிண்டிருந்தா உது நடந்திருக்காது!" என்று அண்ணன் தொலைக்காட்சிக்கு அடிக்கப் போனான். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்ட வந்து ஒவ்வொரு முகமாகத் தேடினார்.

"தம்பியைக் காணேல்லை. காயமோ தெரியாது," என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பேப்பரில் வந்த அணிப் பட்டியலைக் காட்டி, "இதில ஒரு தமிழ்ப் பேரும் இல்லை. கண் தெரியுதே உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"ரிசேவில இருப்பார். நீ சும்மா இரடி," என்றான் அண்ணன். ஆசை வந்தால் மனிதனுக்குப் பட்டியல் வாசிக்கத் தெரியாது.

ஸ்வீடன் மூன்றாம் இடத்துக்கு வந்து முடிந்த அடுத்த கிழமை தலைவர் தன் டாக்சியிலேயே விமானநிலையத்துக்குப் போய் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார் என்று சொன்னார்கள். நான் சேலை கட்டிக்கொண்டு குசினியில் நின்றேன். மாப்பிள்ளையோடு தாய் வரவில்லை, மாமி வரவில்லை, கழக நிர்வாகக் குழு எட்டுப் பேர் வந்தார்கள். ஒருவருடைய கையில் பழத்தட்டம், இன்னொருவருடைய கையில் பந்து.

வடக்கு ஸ்வீடனில் ஒரு வழக்கம் இருக்கிறதாம். ஓம் என்று சொல்ல வாய் திறக்கமாட்டார்கள், மூச்சை 'ஷுப்' என்று உள்ளே இழுப்பார்கள். எட்டு வருடம் அங்கே இருந்ததில் அவருக்கும் அது ஒட்டிவிட்டது. எங்களுக்கு இது எங்கே தெரியும்?

"பயணம் சுகமோ தம்பி?" என்று அம்மா கேட்டார். அவர், "ஷுப்" என்றார்.

"சாப்பிட்டனீங்களோ?"

"ஷுப்."

அம்மா முகம் செத்துப்போய்க் குசினிக்குள் வந்தார். "பிள்ளை, ஆளுக்கு இழுப்பு வருத்தம். மறைச்சுப் போட்டாங்கள் பாவியள்," என்று என் காதுக்குள் சொன்னார். காதுக்குள் சொன்னாலும் அம்மாவின் குரல் பதினோராம் மாடியில் இருந்து பஸ் தரிப்பு வரை கேட்கும். தலைவருக்கும் கேட்டது.

"இழுப்போ? உந்த இழுப்போட மாப்பிளை முழு மட்ச் ஓடுவாரோ?" என்று தலைவர் பதறினார். மூச்சு வராதவனோடு என் வாழ்க்கை எப்படிப் போகும் என்று அந்த எட்டுப் பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

தேத்தண்ணீர் ஆறுவதற்குள் மாப்பிள்ளையைக் கீழே வாகனத் தரிப்பிடத்துக்குக் கொண்டுபோனார்கள். நான் பல்கனியில் நின்று பார்த்தேன். நல்ல சேட், கழுத்துப்பட்டி, காற்சட்டையோடு அவரை இரண்டு லைட் கம்பங்களுக்கு இடையில் ஓடவிட்டார்கள். பந்தை வலது காலுக்குப் போட்டார்கள், இடது காலுக்குப் போட்டார்கள். அண்ணன் அவருடைய கெண்டைச் சதையை அமத்திப் பார்த்தான். பெண் பார்க்க வந்தவரை எங்கள் கழகம் ஆண் பார்த்தது. பாட்டுப் பாடச் சொல்லாததுதான் குறை. எனக்கு நெஞ்சுக்குள் ஒரு திருப்தி வந்ததை மறைக்கமாட்டேன். என்னை அதுவரைக்கும் நான்கு இடத்தார் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நிறம் பார்த்து, தலைமயிர் பார்த்து, ஒருத்தி என் காலைக்கூடக் குனிந்து பார்த்தாள்.

பிறகு, "பிள்ளையள் கொஞ்சம் கதைக்கட்டும்" என்று அம்மா சொல்லி, பல்கனியில் எங்களை ஐந்து நிமிடம் விட்டார்கள். அவர் வியர்த்து ஒழுகிக்கொண்டு நின்றார். நான் துவாயைக் கொடுத்தேன்.

"நான் ஸ்வீடன் தேசிய அணியில விளையாடினனான் இல்லை. உங்களுக்குத் தெரியுந்தானே?" என்று அவர் முதல் வார்த்தையாகக் கேட்டார்.

"தெரியும். பேப்பரில பட்டியல் பாத்தனான்."

"உங்கட அண்ணைக்கும் சொன்னனான். தன்னடக்கம் எண்டு முதுகில தட்டினார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். ஐரோப்பாவில் இருக்கும் தமிழர்கள் நாட்டுக்கு நாடு அணி சேர்த்துப் பரிஸ் நகரத்தில் ஒரு போட்டி வைப்பார்களாம். அதில் ஸ்வீடனில் இருந்து போன தமிழ்ப் பொடியன்களின் அணியில் இவர் பின்வரிசை. பதினொரு பேரைச் சேர்ப்பதற்கே நாடு முழுக்கத் தொலைபேசி எடுக்கவேண்டும். ஒரு வானில் இரண்டு நாள் நெருக்கிக்கொண்டு போய் இறங்கி, கால் விறைக்க விறைக்க விளையாடுவார்கள்.

"ஏழு சர்வதேசப் போட்டி. ஏழும் தோல்வி," என்றார். "ஜெர்மனியோட பதினொண்டு. டென்மார்க்கோட கொஞ்சம் பரவாயில்லை, அவையின்ர வான் இடையில பழுதாகி எட்டுப் பேர்தான் வந்தவை."

மற்ற நாட்களில் தான் இருக்கும் சிற்றூரின் மூன்றாவது அணியில் விளையாடினாராம். அங்கே ஆறு மாதம் பனி. பனி உருகும்வரை புல்லில் விடமாட்டார்கள், சரளைக் கல் நிலத்தில்தான் விளையாட்டு. விழுந்தால் முழங்கால் துருவிய தேங்காய் மாதிரி வருமாம். காற்சட்டையைச் சற்று உயர்த்திக் காட்டினார். முழங்காலின் வலது பக்கம் முழுக்கத் தழும்பு. வேறு எதையாவது கேட்போம் என்று நான் வாய் திறக்கத் தலைவர் கதவைத் திறந்து, "மாப்பிளை, ஜேர்சி சைஸ் என்ன?" என்று கேட்டார். ஐந்து நிமிடம் அத்தோடு முடிந்தது.

மேசையில் எல்லாம் முடிவாகிக்கொண்டிருந்தது. திங்கள் அனுமதிப் பத்திரம். புதன் மத்தியானம் இரண்டு மணிக்கு நகரசபையில் பதிவு. தாலி கட்டு தை மாதத்தில் மண்டபம் எடுத்து ஆறுதலாக. "பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காது!" என்று தலைவர் மேசையில் தட்டினார். புதன் ஆறு மணிக்குப் பத்திரம் போகவேண்டும் என்பதற்கு எங்கள் முன்னோர்கள் பழமொழி வேறு செய்து வைத்திருக்கிறார்கள். நான் பலகாரத் தட்டோடு அந்த மேசையைச் சுற்றி மூன்று தரம் போனேன். மூன்று தரமும் பயித்தம் பணியாரத்தை எடுத்தார்கள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கவில்லை என்றில்லை. பிடித்ததா என்று பார்க்க எனக்கு நேரம் தரவில்லை, அதுதான் விஷயம். வெளிநாட்டில் இருக்கும் ஒருவரை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ஆயுளுக்கும் கையெழுத்து வைப்பதா என்று மூன்று இரவு புரண்டேன். வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. இருபத்தெட்டு வயது. ஆறாவது இடம் வருமா என்று அம்மா கண்ணைக் கசக்குவார். அண்ணனோ அந்த மூன்று நாளும் சின்னப்பிள்ளை மாதிரிப் பாட்டுப் பாடிக்கொண்டு லொறியைக் கழுவினான். அவனை அப்படிச் சந்தோஷமாக நான் பார்த்து வருடக்கணக்கு.

புதன்கிழமை வந்தது. நகரசபைக் கட்டிடத்தில் கல்யாண அறைக்கு வெளியே நிர்வாகக் குழு கோட்டும் சூட்டுமாக நின்றது. தலைவர் கையில் பதிவுப் படிவம் வைத்த பைல். கீழே ஒருவர் காரை நிறுத்தாமல் இயந்திரத்தை ஓடவிட்டபடி இருந்தார். போட்டோப்பிரதி எடுக்கும் கடையையும் முதல்நாளே பார்த்து வைத்திருந்தார்கள். அண்ணன் பயிற்சியில் நொந்த இரண்டு விரலுக்குப் பிளாஸ்டர் சுற்றியபடி எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டு நின்றான்.

பதிவு செய்யும் அம்மணி நரைத்த தலையோடு, மூக்கில் கண்ணாடி வழுக வழுக வந்தார். வெளியே நின்ற ஆண் கூட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என்னை மட்டும் பக்கத்து அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டு, நீ விரும்பித்தானே இதைச் செய்கிறாய் மகளே என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அது அவர் எல்லாரிடமும் கேட்கும் கேள்வியாக இருக்கலாம். எனக்குத் தெரியாது. இல்லை என்று சொல்ல நான் நினைக்கவில்லை. ஓம் என்று சொல்லவும் நாக்கு எழும்பவில்லை. கடைசியில் பல் வைத்தியரிடம் நாள் கேட்கிற மாதிரி, "அடுத்த செவ்வாய்க்கிழமை தருவீர்களா?" என்று கேட்டேன்.

அம்மணி மறுகதை பேசாமல் கொப்பியைப் புரட்டிச் செவ்வாய் பதினொரு மணி என்று எழுதினார். கதவைத் திறந்து வெளியே போய் அதையே அறிவித்தும் விட்டார்.

பிறகு நடந்ததைச் சொல்லவேண்டுமா? அம்மா பக்கத்தில் இருந்த கதிரையில் 'ஐயோ' என்று விழுந்தார். தலைவர் பைலைத் திறந்து மூடித் திறந்து மூடினார்.

"பிள்ளை, செவ்வாய் கூடாத நாள்! செவ்வாய் வெறுவாய் எண்டு தெரியாதோ? ஆரும் செவ்வாயில கலியாணம் எழுதுவினமோ?"

"அங்கிள், சனிக்கிழமை உங்களுக்கு மட்ச். அதுக்காக நான் புதன்கிழமை தாரம் ஆகேலாது," என்றேன். என் வாயா அது என்று எனக்கே ஆச்சரியம்.

"விசரே உனக்கு? ஆள் கோவிச்சுக்கொண்டு பிளேன் ஏறினா என்ன செய்வாய்?" என்றார் தலைவர்.

எல்லாரும் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். "என்ர பிளேன் அடுத்த வியாழன். செவ்வாய் எனக்குச் சரி. அவ கேட்டதில ஒரு பிழையும் இல்லை," என்றார்.

அண்ணன் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், கதை அன்றே முடிந்திருக்கும். அவன் படியால் இறங்கிப் போய்க் காருக்குள் இருந்துகொண்டு விரலில் இருந்த பிளாஸ்டரை ஒவ்வொரு சுற்றாகக் கழற்றினான். வீடு வரும்வரை நான் பின் ஆசனத்தில் இருந்து அவனுடைய பிடரியைத்தான் பார்த்தேன்.

சனிக்கிழமை நான் போட்டிக்குப் போனேன். போகாமல் இருந்தால் ஒளித்த மாதிரி இருக்கும். பூங்காவில் ஒலிபெருக்கி, பொரிக்கும் றோல்ஸ் வாசம், தள்ளுவண்டிகளில் குழந்தைகள், ஊர் முழுக்க என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரித் திரும்பிக்கொண்டது. மாப்பிள்ளையும் வந்தார். எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் என்னிடமிருந்து இரண்டு முழம் தள்ளி நின்றார். பக்கத்து ஊர்க் கழகத்தின் செயலாளர் வந்து அவருக்குக் கை கொடுத்து, "தம்பி, எங்கட ஊரிலயும் மூண்டு பொம்பிளைப் பிள்ளையள் இருக்கு. அடுத்த வருஷத்துக்கு யோசியுங்கோ," என்றார். நான் முறைத்த முறையில் மனிதன் றோல்ஸ் வரிசைக்குள் புகுந்துவிட்டான்.

எங்கள் இடப்பக்கத்தில் ஒரு பாவப்பட்ட ஜென்மத்தை நிறுத்தியிருந்தார்கள். இரவெல்லாம் டோநட் சுட்டுவிட்டு நேரே மைதானத்துக்கு வந்தவன். கண்ணைத் திறந்துகொண்டே நித்திரை கொண்டான். அவனைத் தாண்டி முதல் பத்து நிமிடத்தில் ஒன்று, இடைவேளைக்கு முன் ஒன்று, பிறகு இரண்டு. ஒவ்வொன்றுக்கும் அண்ணன் முழு நீளத்துக்குப் பாய்ந்தான். மற்றவர்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்க, வலைக்குள் கிடந்த பந்தை அவனே குனிந்து எடுத்தான். நாலாவது கோலுக்குப் பிறகு எழும்பும்போது, அவன் என் பக்கம் ஒருதரம் பார்த்தான். எனக்கு அழுகை வந்தது. என் பொருட்டு அவன் அந்த மண்ணில் விழுகிறான் என்றுதான் பட்டது.

"நீங்கள் நிண்டிருந்தா உந்த நாலும் போயிருக்காதுதானே?" என்று மாப்பிள்ளையைக் கேட்டேன்.

"நான் நிண்டிருந்தா ஆறு போயிருக்கும்," என்றார்.

நான் திரும்பி அவரைப் பார்த்தேன்.

"என்ர முழங்கால் ரெண்டு வருஷத்துக்கு முதலே முடிஞ்சுது. டாக்டர் பந்துப் பக்கமே போகவேண்டாம் எண்டிட்டார். கார் பார்க்கில ஓடினதுக்கே நான் ராத்திரி ஐஸ் வச்சுக்கொண்டு படுத்தனான்."

"பின்னை ஏன் விளையாட ஓம் எண்டு சொன்னீங்கள்?"

மைதானத்தில் டோநட்காரன் பந்து எந்தப் பக்கம் போனதென்று தேடிக்கொண்டு நின்றான்.

"நான் ஆஸ்பத்திரிக் குசினியில கோப்பை கழுவுறனான். எனக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம்? உங்கட படம் வந்தது. லெஃப்ற் பாக் எண்டு சொன்னால்தான் கதவு திறக்கும் எண்டு தலைவர் சொன்னார். அது ஒண்டுதான் என்னட்ட இருந்த சேட்டிபிக்கட். ஒரு மட்ச் தானே, கால் முறிஞ்சாலும் முறியட்டும் எண்டு நினைச்சன்." குனிந்து முழங்காலைத் தடவிக்கொண்டு, "புதன்கிழமை நீர் அப்பிடிச் சொன்ன உடன என்ர முழங்கால்தான் முதலில சந்தோஷப்பட்டது," என்றார்.

'நீங்கள்' என்பது எந்த இடத்தில் 'நீர்' ஆனது என்று அவரும் கவனிக்கவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து மூக்கால் ஓடியது, லேஞ்சி இல்லாமல் சேலைத் தலைப்பில் துடைத்தேன். அந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது. சனிக்கிழமை மத்தியானம், நாலுக்குப் பூச்சியம் தோற்றுக்கொண்டிருந்த நேரத்தில் பிடித்தது. எந்தப் புதன்கிழமையாலும் அதைச் செய்திருக்க ஏலாது.

போட்டி முடிந்ததும் அண்ணனிடம் தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுபோனேன். கோல் கம்பத்தில் சாய்ந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். போத்தலை வாங்கினான், குடித்தான், திருப்பித் தந்தான். முகத்தை நிமிர்த்தவில்லை. ஞாயிறும் திங்களும் அதே கதை. மேசையில் எதிரும் புதிருமாக இருந்து சாப்பிட்டோம், உப்புப் போத்தலை அம்மா கையால் வாங்கினோம். நாளைக்கு வருவாயா என்று கேட்க இரண்டு தரம் அவனுடைய அறைக் கதவடிக்குப் போனேன். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் திரும்பி வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை நான் எழும்பும்போது அவனுடைய லொறி போய்விட்டது. அம்மாவும் நானும் பஸ்ஸில் போனோம். அம்மா வழி முழுக்கச் செவ்வாயைத் திட்டிக்கொண்டு வந்தார். என்னைச் சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் விட்டது, சாமத்தியச் சடங்குக்குத் துணி வாங்கியது, இந்த நாட்டு விமானநிலையத்தில் குளிர்ச் சட்டையோடு வந்து நின்றது எல்லாம் அண்ணன்தான். கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போகிறேன் என்று நினைக்க நெஞ்சு வலித்தது. பிடித்த மனிதரைக் கட்டப் போகிறவள் அழுதுகொண்டு போனால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? பக்கத்து ஆசனத்துச் சீனத்து மனுஷி எனக்கு ஒரு கடதாசி லேஞ்சி தந்தாள்.

மாப்பிள்ளை அதே சூட்டோடு வாசலில் நின்றார். தலைவர் வரவில்லை. பத்திரத்தின் போட்டோப்பிரதி ஒன்று அடுத்த வருடத்துக்காக வேண்டும் என்று மட்டும் சொல்லியனுப்பியிருந்தார். அம்மணி கண்ணாடியைத் தூக்கிவிட்டு, சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டுமே என்றார். அம்மா ஒருவர். மற்றது? வாசல் காவலாளியைக் கேட்டுப் பார்ப்போமா என்று அம்மணியே எழும்பும்போது கதவு திறந்தது. அண்ணன் பாண் கொம்பனிச் சீருடையோடு நின்றான். சட்டை முழுக்க மா.

நேரே அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்றான். அம்மணி கேட்கவேண்டியதைக் கேட்டார். நான் சத்தமாக, அடுத்த அறைக்கும் கேட்க, சம்மதம் சொன்னேன். மாப்பிள்ளையும் சொன்னார். நாங்கள் கையெழுத்து வைத்தோம். அம்மா தமிழில் வைத்தார். பிறகு பத்திரத்தை அண்ணன் பக்கம் தள்ளினார்கள். அவன் பேனாவைக் கையில் எடுத்தான், மூடியைத் திறக்கவில்லை.

"ராத்திரி என்ர அறை வாசலுக்கு வந்திட்டுத் திரும்பிப் போனனீ. எனக்குக் கேட்டது," என்றான். ஆறு நாளைக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு. "அண்டைக்கும் ஒரு சொல்லு என்னட்ட வந்து சொல்லியிருக்கலாம். அவ்வளவு சனத்துக்கு முன்னால... நான் உன்னை விக்கவே கொண்டு போனனான்?"

"நீ ஒருக்கா என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பன், அண்ணா."

அவன் குனிந்து அந்தப் பத்திரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். அம்மணிக்கு விளங்கவில்லை, கோட்டை விரலால் தொட்டு இங்கே வையுங்கள் என்று காட்டினார். அவன் கையைக் காட்டி அவரைப் பொறுக்கச் சொன்னான். மாப்பிள்ளை பக்கம் தலையை அசைத்துவிட்டு என்னைப் பார்த்தான். மாப் படிந்த கன்னத்தில் கண்ணீர் இறங்கிக் கோடு போட்டிருந்தது.

"இப்ப கேக்கிறன். உண்மையைச் சொல்லு. உனக்கு இந்த மனிசனைப் பிடிச்சிருக்கோ? இல்லையெண்டா நான் உதில கை வைக்கமாட்டன். வந்த வழியே போவம்."

"பிடிச்சிருக்கு, அண்ணா."

"கேக்கேல்லை."

"பிடிச்சிருக்கு!" என்று நான் கத்தினேன்.

அதற்குப் பிறகுதான் அவன் பேனா மூடியைத் திறந்தான்.